கருப்பியின் விலை

‘பரியேறும் பெருமாள்’ படத்தின் தொடக்க நிமிஷங்களை மட்டும் வெட்டியெடுத்துத் தனியாகத் திரையிட்டால் அது ஒரு முழுமையான குறும்படமாக நிற்கும். வேட்டைக்குப் போய் வந்த இளைஞர்கள் சிலர் தங்கள் நாய்களோடு ஒரு குட்டைத் தண்ணீரில் இறங்கியிருக்கிறார்கள். வேறு சில ஆட்கள் வருகிறார்கள். இவர்கள் எழுந்து போய்விடுகிறார்கள். சண்டை இல்லை. போய்விடலாம் என்று பெரியவர் சொல்வதும், ஏன் போகவேண்டும் என்று இளையவன் முறைப்பதும்தான் உண்டு. கொஞ்ச நேரத்தில் கருப்பி என்கிற பெண் நாயைக் காணோம். தேடிப் போனால் அது தண்டவாளத்தில் கட்டப்பட்டு நிற்கிறது. ரயில் வருகிறது. அதன் பிறகு ஒரு சாவு வீடு. மனுஷச் சாவுக்கு உள்ள அத்தனை சடங்கோடும் ஒரு நாய் புதைக்கப்படுகிறது. இதற்கு மேல் கதை இல்லாமல் போயிருந்தாலும் நமக்குச் சொல்லவேண்டியது சொல்லப்பட்டிருக்கும்.

மாரி செல்வராஜ் இயக்கி, பா. ரஞ்சித்தின் நீலம் புரொடக்ஷன்ஸ் தயாரித்து 2018 செப்டம்பர் 28ல் வெளியான இந்தப் படத்தைப் பற்றி எழுதப்பட்டவை ஏராளம். ஜாதி, ஆணவக் கொலை, காதல், சட்டக் கல்லூரி, கடைசி பிரேமில் இரண்டு டீ தம்ளர்களுக்கு நடுவே கிடக்கும் பூ என்று எல்லாவற்றையும் பேசியாயிற்று. நாயைப் பற்றிப் பேசும்போது மட்டும் எல்லோரும் அவசரமாக ‘குறியீடு’ என்று சொல்லிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விடுகிறார்கள். குறியீடு என்பது நம் விமரிசனத்தில் ஒரு குப்பைத் தொட்டி மாதிரி ஆகிவிட்டது. யோசிக்கச் சிரமமானதையெல்லாம் அதில் போட்டுவிடலாம். கருப்பி முதலில் நாய். ஒரு குறிப்பிட்ட நிலத்தில், குறிப்பிட்ட காரணங்களுக்காக வளர்க்கப்படுகிற ஒரு குறிப்பிட்ட வகை நாய். அந்த நாய்க்கு ஒரு சரித்திரம் இருக்கிறது. தாமிரபரணிக் கரையில் யாரிடம் தண்ணீர் இருந்தது, யாரிடம் காடு இருந்தது, யாரிடம் இரண்டும் இல்லை என்கிற சரித்திரத்திலிருந்து அதைப் பிரித்தெடுக்க முடியாது.

தமிழ் சினிமாவுக்கு மிருகங்கள் புதிதல்ல. சாண்டோ சின்னப்பா தேவர் அதை ஒரு தொழிலாகவே நடத்தினார். 1972ல் ‘நல்ல நேரம்’ படத்தில் யானைகள், 1977ல் ‘ஆட்டுக்கார அலமேலு’வில் ஆடு. நாய், பாம்பு, குரங்கு எல்லாம் அவரவர் பங்குக்கு வந்து போயிருக்கின்றன. இவற்றின் வேலை ஒன்றே ஒன்று: மனிதன் செய்யவேண்டியதைச் செய்துகாட்டி, கொட்டகையில் கைதட்டல் வாங்குவது. கடிதம் கொண்டு போகும், குழந்தையைக் காப்பாற்றும், வில்லனைத் துரத்தும். மிருகத்துக்கு என்று ஒரு வாழ்க்கை அதில் இருந்ததில்லை. கருப்பி இந்த ஆரம்பப் பகுதியில் எதையும் சாதிப்பதில்லை. ஓடுகிறது, தண்ணீரில் நனைகிறது, கட்டப்படுகிறது, சாகிறது. நாயை நாயாகவே விட்டுவைக்க ஒரு தமிழ் டைரக்டருக்குத் தைரியம் வந்திருப்பதே முதலில் கவனிக்கவேண்டிய விஷயம்.

திருநெல்வேலி என்றதும் வயலை நினைத்துப் பழகிவிட்டோம். பொதிகையில் புறப்பட்டுப் புன்னைக்காயலில் கடலோடு சேரும் வரை ஆறு ஓடுகிற தூரம் ஏறத்தாழ 128 கிலோமீட்டர். அதற்குள் எட்டு அணைக்கட்டுகள். கோடைமேலழகியான் தொடங்கி மருதூர் வரை ஏழும் வெள்ளைக்காரனுக்கு முந்தியவை. எட்டாவதான ஸ்ரீவைகுண்டம் மட்டும் 19ஆம் நூற்றாண்டில் ஆங்கில ஆட்சி கட்டியது. இந்தத் தண்ணீர் பாய்கிற நிலத்தின் கதைதான் நமக்குத் தெரிந்த திருநெல்வேலிச் சரித்திரம். கோயில், அக்கிரகாரம், பண்ணை, இரண்டு போகம், அல்வா, இலக்கியம். ஆனால் மாவட்டத்தின் பெரும்பகுதி இதற்கு வெளியே கிடந்தது. டேவிட் லட்டன் 1985ல் வெளியிட்ட தம் ஆராய்ச்சி நூலில் பழைய திருநெல்வேலியை நன்செய், புன்செய், இரண்டும் கலந்தது என்று மூன்று வட்டாரங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் அதிகாரம் வேறு வேறு விதமாக உருவானது என்று காட்டினார். நன்செயில் அதிகாரம் என்பது தண்ணீரின் மீதும் அதில் இறங்கி உழைக்கிற ஆளின் மீதும் உள்ள உரிமை. புன்செயில் அது ஆள்பலம், ஆயுதம், காவல், வேட்டை.

வேட்டை நாய் இந்த இரண்டாவது உலகத்துப் பிராணி. நெல் வயலில் அதற்கு வேலையில்லை. முள்ளும் உடையும் பரந்த தரிசில், முயல் ஓடுகிற இடத்தில்தான் நீண்ட காலும் ஒடுங்கிய வயிறும் கூர்மையான கண்ணும் தேவைப்படுகின்றன. நம் வேட்டை நாய்களின் பெயர்களைக் கவனித்தால் தெரியும்: ராஜபாளையம், சிப்பிப்பாறை, கோம்பை. எல்லாம் ஊர்ப் பெயர்கள்; எல்லாம் பழைய பாளையங்கள் இருந்த வட்டாரங்கள். கன்னி மட்டும் விதிவிலக்கு. அதைச் சிப்பிப்பாறையின் நிறம் மாறிய கிளை என்பாரும் உண்டு, தனி இனம் என்பாரும் உண்டு. ராஜபாளையமும் சிப்பிப்பாறையும் இன்று விருதுநகர் மாவட்டத்தில் இருக்கின்றன. ஆனால் 1910ல் ராமநாதபுரம் மாவட்டத்தை வெட்டி உண்டாக்கும் வரை ஸ்ரீவில்லிபுத்தூர், சாத்தூர் தாலுகாக்கள் திருநெல்வேலியைச் சேர்ந்தவை. ஆகவே இந்த நாய்கள் திருநெல்வேலியின் நாய்கள்தான். பிற்பாடு ஜில்லா எல்லைதான் அவற்றைத் தாண்டிப் போயிற்று.

பாளையக்காரர்களுக்கு நாய் ஒரு கௌரவம். பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை ஏன் அந்த இடத்தில் எழுந்தது என்பதற்கு ஒரு கதை சொல்வார்கள். வேட்டை நாய்கள் துரத்திக்கொண்டு போன முயல் ஓரிடத்துக்கு வந்ததும் திரும்பி நின்று நாய்களைத் துரத்தியதாம். அந்த மண்ணின் வீரியத்தைக் கண்டு அங்கேயே கோட்டை கட்டினார்களாம். இதே கதை வேறு பல ஊர்களுக்கும் வழங்குவதால் சரித்திர உண்மை என்று யாரும் வாதாடப்போவதில்லை. எனக்கு இதில் ரசமாகத் தோன்றுவது வேறு. ஒரு அரசின் தொடக்கத்தைச் சொல்ல வேண்டியபோது அவர்கள் தேடிக்கொண்ட அற்புதம், பலமற்றது பலமுள்ளதைத் திருப்பித் துரத்துவது. கோட்டை கட்டி முடிந்ததும் அந்த அற்புதம் மறந்து போயிருக்கும். முயலுக்குக் கோட்டையில் பங்கில்லை. கட்டபொம்மனைக் கயத்தாற்றில் 1799 அக்டோபர் 16ல் தூக்கிலிட்டு, இரண்டு வருஷத்தில் பாஞ்சாலங்குறிச்சியையே தரைமட்டமாக்கினார்கள். கம்பெனிக்குப் பணிந்து போன பாளையங்கள் ஜமீன்களாக மாறின. நாய் வளர்ப்பதும் வேட்டையும் ஜமீனுக்குரிய பொழுதுபோக்காக மிஞ்சின.

நாயின் பெயர் ஊருக்கும் ஜமீனுக்கும் போயிற்று. நாயோடு முள்ளில் ஓடியவனின் பெயர் எந்த ஏட்டிலும் ஏறவில்லை. ஒரு சென்ட் நிலம் இல்லாதவனும் நாய் ஒன்றை வைத்துக்கொள்ள முடியும். மிஞ்சின கஞ்சியில் அது வளர்ந்துவிடும். தரிசில் ஓடுகிற முயலுக்குப் பட்டா கிடையாது. நாய் இருந்தால் அந்தத் தரிசின் மேல் அவனுக்கும் ஒரு பாத்யதை வந்துவிடுகிறது. எழுதப்படாத, எந்த நேரமும் பறிக்கப்படக்கூடிய பாத்யதை. வேட்டைக்குப் போகிறவன் எல்லை பார்த்து நடப்பதில்லை. கூலிக்குப் போகையில் குனிந்து போகிற அதே நிலத்தில் அன்றைக்கு மட்டும் நிமிர்ந்து ஓடுகிறான். படத்தின் ஆரம்பத்தில் அந்தப் பையன்களின் உடம்பில் தெரிகிற சந்தோஷம் இந்த நிமிர்வினால் வந்தது. வந்தவர்களை எரிச்சல்படுத்தியதும் இதுதான் என்று எனக்குப் படுகிறது. தண்ணீர் ஒரு சாக்கு. இவர்களிடம் வேகமாக ஓடுகிற ஒரு நாய் இருக்கிறது என்பதுதான் விஷயம். முயல் வேட்டையை 1972ஆம் வருஷ வனவிலங்குச் சட்டமும் அதன் 1991 திருத்தமும் குற்றமாக்கிவிட்டன. காட்டை நினைத்துப் பார்த்தால் அது நியாயம்தான். ஆனால் அதே சட்டம், ஜமீன்தாரின் பொழுதுபோக்கை நிறுத்தி அதிக நாள் ஆன பிறகு, கடைசியாகக் கூலிக்காரனின் பாத்யதையையும் எடுத்துக்கொண்டது என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும்.

நாய்க்குப் பெயர் சொல்லி எழுதிவைத்த காலம் ஒன்று தமிழ்நாட்டில் இருந்தது. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் ஒரு நடுகல். மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டு என்பதால் ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதி. எருமை மந்தையின் பொருட்டு நடந்த சண்டையில் இறந்துபோன கருந்தேவகத்தி என்பவனுக்கு எடுத்த கல் அது. வீரனின் உருவத்தோடு ஒரு நாயின் உருவமும் செதுக்கப்பட்டிருக்கிறது. நாய்க்குத் தனியாக ஒரு வாசகம்: கள்ளர் இருவரைக் கடித்துக் காத்து நின்றது என்று. அதன் பெயரைக் கோவிவன் என்று படிக்கிறார்கள். எழுபதுகளின் தொடக்கத்தில் செங்கம் வட்டாரத்து நடுகற்கள் வரிசையாக வெளியே வந்தபோது எல்லோருக்கும் வட்டெழுத்தின் வளர்ச்சியிலும் பல்லவர் காலக் கணக்கிலும் தான் அக்கறை. கல்வெட்டில் ஒரு மந்தைக்காரனும் அவன் நாயும் சரிசமமாக இடம்பெற்றிருப்பது பற்றி யோசிக்க நேரமில்லை. எருமை மேய்க்கிறவனும் எருமையைக் காக்கிற நாயும் ஒரே வேலையைச் செய்தார்கள். கல் அதை அப்படியே பதிவு செய்தது. அவ்வளவுதான்.

இந்தக் கல்லுக்கு அடுத்து வந்த சில நூற்றாண்டுகளில் தமிழ் வேறொரு நாயைக் கண்டுபிடித்துக்கொண்டது. பக்திக் கவிகள் தங்களை ‘நாயேன்’ என்று சொல்லிக்கொள்ளத் தொடங்கினார்கள். மாணிக்கவாசகரிடம் இது ஒரு ஆவேசமாகவே இருக்கிறது. ஆண்டவன் முன்னால் தன்னைத் தாழ்த்திக்கொள்ளப் படிகளைத் தேடியவர்கள் கடைசிப் படியில் நாயை நிறுத்தினார்கள். அதில் உள்ள உருக்கத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் தாழ்வை உவமையாக எடுத்துப் பூண்டுகொள்வது, பிறகு கழற்றி வைத்துவிடவும் முடிகிறவர்களுக்குத்தான் சௌகரியம். ஊரில் நிஜமாகவே அந்த வார்த்தையால் கூப்பிடப்படுகிறவனுக்கு அது உவமை இல்லை.

எடுத்தனூர்க் கல்லின் மறுபிறவி போல ஒரு கதை தாமிரபரணியின் தலைமாட்டிலேயே இருக்கிறது. பாபநாசத்துக்கு மேலே காரையாற்றில் சொரிமுத்தையனார் கோயிலில் பட்டவராயனுக்கு ஒரு சன்னிதி. வேண்டிக்கொண்டவர்கள் தோல் செருப்பைக் காணிக்கையாகக் கட்டுகிற சன்னிதி. முத்துப்பட்டன் என்கிற பிராமணன், மாடு மேய்த்துச் செருப்பு தைக்கும் வாலப்பகடையின் பெண்கள் பொம்மக்கா, திம்மக்கா இருவர் மீதும் ஆசைப்பட்டு, பகடை விதித்த நிபந்தனைப்படி பூணூலையும் குடுமியையும் களைந்து, செருப்புத் தைக்கக் கற்றுக்கொண்டு, அவர்களைக் கல்யாணம் செய்துகொள்கிறான். மாமனாரின் மாடுகளைக் கள்ளர் ஓட்டிக்கொண்டு போகவும் மீட்கப் போகிறான். மீட்டுவிடுகிறான், ஒளிந்திருந்த ஒருவன் குத்தி மாண்டு போகிறான். பெண்கள் தீக்குளிக்கிறார்கள். வில்லுப்பாட்டுக்காரர்கள் பாடுகிற சில வடிவங்களில் அவனோடு காவலுக்குப் போகிற நாயும் உண்டு. நா. வானமாமலை இந்தக் கதைப்பாடலைப் பதிப்பித்தபோது ஒரு முக்கியமான விஷயத்தைக் கவனித்துச் சொன்னார். பின்னால் உண்டான வடிவத்தில் அந்தப் பெண்கள் பிறப்பால் பிராமணர்கள், காட்டில் கிடந்தவர்களைப் பகடை எடுத்து வளர்த்தான் என்று கதை திருத்தப்பட்டிருக்கிறது. மனிதர்களின் ஜாதியைத் திருத்த வேண்டியிருந்தது. நாயை யாரும் திருத்தவில்லை. அது எந்த வடிவத்துக்கும் பொருந்திவிடுகிறது. ஜாதியைத் தெரிந்துகொள்ளாத ஒரே பாத்திரம் அதுதான்.

நாய்க்கு ஜாதி தெரியாது என்பது பழைய சமாதானம். படம் இந்த இடத்தில்தான் கூர்மையடைகிறது. நாய்க்குத் தெரியாமல் இருக்கலாம், கட்டியவர்களுக்குத் தெரியும். எந்த ஜாதி என்று படம் எங்கும் பெயர் சொல்லவில்லை. ஆனால் கருப்பி அந்த ஜாதியைச் சேர்ந்ததாகத்தான் கொல்லப்படுகிறது. வளர்த்தவனை அடித்தால் வழக்கு வரும், ஊர் இரண்டாகும். நாயைக் கட்டிப்போட்டால் அவனுக்குச் சேரவேண்டிய சேதி சேர்ந்துவிடும், செலவு ஒன்றுமில்லை.

செலவு என்று நான் சொல்வது அலங்காரத்துக்கு இல்லை. கதை நடப்பது 2005ல். அந்த வருஷம் ஜனவரியில் இந்திய அஞ்சல் துறை நான்கு நாட்டு நாய்களுக்குத் தபால் தலை வெளியிட்டது. இமாலய மேய்ப்பு நாய், முதோல், ராம்பூர் நாய்களோடு ராஜபாளையமும் அதில் உண்டு. அதே வருஷம் அமலில் இருந்த இந்திய தண்டனைச் சட்டம் 1860ஆம் வருஷத்தது. அதன் 428ஆம் பிரிவு பத்து ரூபாயோ அதற்கு மேலோ மதிப்புள்ள பிராணியைக் கொன்றால் இரண்டு வருஷம் வரை தண்டனை என்றது. 429ஆம் பிரிவு யானை, ஒட்டகம், குதிரை, கோவேறு கழுதை, எருமை, காளை, பசு, எருது ஆகியவற்றுக்கு, விலை எதுவானாலும் சரி, ஐந்து வருஷம் வரை என்றது. மற்ற பிராணிகளுக்கும் அதே தண்டனை உண்டு, ஐம்பது ரூபாயாவது பெறுமானால். நாயின் பெயர் பட்டியலில் இல்லை. அது பெறுமானம் நிரூபிக்க வேண்டிய பிராணி. குற்றத்தின் பெயரும் கொலை இல்லை. உடைமைக்கு விளைவித்த சேதம். 1960ஆம் வருஷத்து மிருகவதைத் தடைச் சட்டத்திலோ முதல் தடவைக் குற்றத்துக்கு அபராதம் பத்து ரூபாயிலிருந்து ஐம்பது ரூபாய் வரை. தபால் தலையில் இருக்கிற நாய்க்கும் தண்டவாளத்தில் கட்டப்பட்ட நாய்க்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்பதை இந்தக் கணக்கை வைத்து அளந்துகொள்ளலாம். 2024 ஜூலை முதல் அமலுக்கு வந்த புதிய சட்டத்தின் 325ஆம் பிரிவு ரூபாய்க் கணக்கை எடுத்துவிட்டது. 164 வருஷம் ஆகியிருக்கிறது.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989ல் வந்தது. அதை எழுதியவர்கள் கிராமத்தை அறிந்தவர்கள் என்று சில வாசகங்களைப் படிக்கும்போது தோன்றும். தாழ்த்தப்பட்டவர்கள் புழங்குகிற நீர்நிலையைக் கெடுப்பது, வழக்கமான நடைபாதையை மறுப்பது எல்லாம் அதில் தனித்தனிக் குற்றங்களாகப் பெயர் பெற்றிருக்கின்றன. குட்டையில் ஆரம்பித்த தகராறு அந்தச் சட்டத்துக்குப் புரியும். நாயில் முடிந்தது புரியாது. கதாநாயகன் சேருவது சட்டக் கல்லூரியில் என்பதை நினைத்துப் பார்க்கும்போது இது இன்னும் உறுத்துகிறது. பாடம் ஆங்கிலத்தில் நடக்கிறது, அவனுக்குப் புரியவில்லை என்பதைப் படம் விஸ்தாரமாகக் காட்டுகிறது. புரிந்திருந்தால்?

தண்டவாளம் பற்றியும் சொல்லவேண்டும். திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூருக்கு ரயில் 1923ல் வந்தது. செய்துங்கநல்லூர், ஸ்ரீவைகுண்டம், ஆழ்வார்திருநகரி என்று ஆற்றின் தென்கரையோடு போகிற, அன்றைக்கு மீட்டர்கேஜாக இருந்த பாதை. இயக்குநரின் சொந்த ஊரும் படத்துக் கதாநாயகனின் ஊருமான புளியங்குளம் இந்தத் தென்கரை வட்டாரத்தில்தான் இருக்கிறது. 1986 வரை திருநெல்வேலி மாவட்டம், இப்போது தூத்துக்குடி. ரயில் வந்தபோது அதை முன்னேற்றம் என்றார்கள். நாலு ஜாதியும் ஒரே பெட்டியில் உட்கார வேண்டி வந்தது என்று சீர்திருத்தக்காரர்கள் சந்தோஷப்பட்டார்கள், அதில் நியாயமும் இருந்தது. ஆனால் ரயிலுக்கு இன்னொரு உபயோகமும் இருப்பதை ஊர்கள் சீக்கிரமே தெரிந்துகொண்டன. அதன்மேல் பழி விழாது. தண்டவாளத்தில் கிடக்கிற உடம்பு தானாகப் போய் விழுந்த உடம்பு. 2013 ஜூலையில் தர்மபுரியில் இளவரசனின் உடல் தண்டவாளத்தருகே கிடந்தது. 2015 ஜூனில் நாமக்கல் மாவட்டத்தில் கோகுல்ராஜின் உடல் தண்டவாளத்தில் கிடந்தது. இரண்டாவது வழக்கில் 2022ல் மதுரை நீதிமன்றம் பத்துப் பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. 2018ல் கொட்டகையில் உட்கார்ந்து கருப்பியைப் பார்த்தவர்களுக்கு இந்த இரண்டு பெயர்களையும் யாரும் ஞாபகப்படுத்த வேண்டியிருக்கவில்லை.

படத்தில் வருகிற கிழவர் இந்த உபயோகங்களை எல்லாம் அறிந்த கைதேர்ந்த ஆள். அவர் செய்கிற கொலைகள் எல்லாம் விபத்தாக அல்லது தற்கொலையாகத் தெரியவேண்டும் என்பதில் அவருக்கு ஒரு தொழில் பக்தி. ஒரு பையனை ஆற்றுத் தண்ணீரிலேயே முடித்துவிடுகிறார். இந்த ஆற்றை அறிந்தவர்களுக்கு அங்கே 1999 ஜூலை 23 ஞாபகம் வராமல் போகாது. மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காகத் திருநெல்வேலியில் கலெக்டர் அலுவலகம் நோக்கிப் போன ஊர்வலம் போலீஸ் தடியடியில் கலைக்கப்பட்டு, ஆற்றுக்குள் ஓடியவர்களில் இரண்டு பெண்களும் ஒரு கைக்குழந்தையும் உட்பட 17 பேர் செத்தார்கள். விசாரணைக் கமிஷன் பெரும்பாலான சாவுகளுக்குத் தண்ணீரைக் காரணம் சொன்னது. அதைப் பற்றி ஆர். ஆர். சீனிவாசன் ஆவணப்படம் எடுத்தார். மாரி செல்வராஜின் சிறுகதைத் தொகுதியின் பெயரே ‘தாமிரபரணியில் கொல்லப்படாதவர்கள்’. அந்த மாஞ்சோலை மலை சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து 1929ல் பம்பாய் பர்மா கம்பெனிக்குத் தொண்ணூற்றொன்பது வருஷக் குத்தகைக்குப் போனது. முத்துப்பட்டன் கதையில் அந்தப் பெண்கள் தீக்குளிக்க அனுமதி கேட்டுப் போவதும் சிங்கம்பட்டி ராஜாவிடம்தான். இந்தப் பள்ளத்தாக்கில் எந்த நூலைப் பிடித்து இழுத்தாலும் இன்னொன்று கூடவே வருகிறது.

இதே டைரக்டர் 2023ல் எடுத்த ‘மாமன்னன்’ சேலத்துப் பக்கத்துக் கதை. அதிலும் வேட்டை நாய்கள் இருக்கின்றன, ஆனால் அவை வில்லனுடையவை. கதாநாயகன் பன்றி வளர்க்கிறான். பந்தயத்தில் தோற்றுவிட்ட தன் நாயை அந்தப் பெரிய மனிதன் தானே அடித்துக் கொல்கிறான். இரண்டு படத்திலும் ஏறக்குறைய ஒரே ஜாடை நாய்கள். ஒன்று நிலமற்றவனுடையது என்பதால் சாகிறது, மற்றது நிலமுள்ளவனுக்கு அவமானம் தந்ததால் சாகிறது. கருப்பியை வெறும் குறியீடு என்று ஒதுக்கியவர்கள் இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். நாயின் அர்த்தம் நாயில் இல்லை, அதன் கழுத்துக் கயிற்றின் மறுமுனையில் இருக்கிறது என்று இந்த ஆள் தொடர்ந்து யோசித்து வந்திருப்பது புலப்படும். 2020ல் தேசிய விலங்கு மரபு வள அமைப்பு ராஜபாளையத்தையும் சிப்பிப்பாறையையும் தனி இனங்களாகப் பதிவு செய்தது. அதே ஆகஸ்டில் பிரதமர் தம் வானொலி உரையில் இந்தப் பெயர்களைச் சொன்னார். அதிலெல்லாம் தவறில்லை. ஆனால் இனத்தின் தூய்மை, வம்சாவளி, பதிவு என்று பேச ஆரம்பித்ததும் முள்ளில் ஓடியவன் மறுபடியும் காணாமல் போகிறான்.

படத்தோடு எனக்கு ஒரு தகராறு உண்டு. கருப்பி திரும்பி வருகிறது. அடித்துப் போடப்பட்டுத் தண்டவாளத்தில் கிடக்கும் பரியனை எழுப்ப நீலம் பூசிய ஆவியாக வருகிறது. சந்தோஷ் நாராயணனின் இசையும் ஸ்ரீதரின் ஒளிப்பதிவும் சேர்ந்து அந்த இடத்தை உயரத்தில் தூக்கி நிறுத்துகின்றன என்பது நிஜம். கொட்டகையில் அதை எதிர்ப்பது கஷ்டம். பரியேறும் பெருமாள் என்பதே ஒரு நாட்டார் தெய்வத்தின் பெயர், நம் தெய்வங்களில் பலர் அநியாயமாகச் செத்தவர்கள்தான், ஆகவே கருப்பியும் தெய்வமாவதில் என்ன தப்பு என்று கேட்கலாம். பதில் சொல்வது சுலபமில்லை. ஆனாலும் முதல் பகுதியில் எதையும் சாதிக்காமல் செத்ததால்தான் அந்த நாய் நம்மை அப்படிப் பிடித்து உலுக்கியது. கடைசியில் அதற்கும் ஒரு வேலை கொடுத்துவிட்டார்கள். எசமானைக் காப்பாற்றுகிற தேவர் பிலிம்ஸ் நாயின் நிழல் அங்கே லேசாக விழுகிறது. எடுத்தனூர்க் கல்லில் கோவிவன் திரும்பி வரவில்லை. காத்து நின்றது என்பதோடு எழுத்து முடிந்துவிடுகிறது.

அந்தச் சாவு வீட்டுக்கு மட்டும் இந்தக் குறையெல்லாம் கிடையாது. ஊரே கூடி நாயைச் சுமந்து போகிறது. ஒப்பாரி உண்டு. யாரும் ‘ஒரு நாய்க்கா இத்தனை’ என்று கேட்பதில்லை. யார் கட்டியது என்றும் யாரும் கேட்பதில்லை, எல்லோருக்கும் தெரியும். இழவு முடிந்ததும் பரியன் சட்டம் படிக்கக் கிளம்புகிறான். போலீஸ் ஸ்டேஷனுக்கு யாரும் போகவில்லை. போயிருந்தால் ரைட்டர் முதலில் கேட்டிருக்கக்கூடியது நாயின் விலையைத்தான். பத்து ரூபாய் பெறுமா என்று தெரிந்தால்தானே எந்தப் பிரிவென்று எழுத முடியும்.